சோமனூர் ரயிலில் மெட்டல் கியர் சாலிட் 2: நிண்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பு

வீடியோ விளையாட்டு நிறுவனமான கொனாமி 2023 அக்டோபர் 24 அன்று வெளியிட்ட மெட்டல் கியர் சாலிட் மாஸ்டர் கலெக்‌ஷன் முதல் தொகுதியிலிருந்து ‘சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி’ என்னும் இரண்டாம் பாகத்தை மட்டும் தனியாக வாங்கி, கையில் பிடித்தும் தொலைக்காட்சியில் இணைத்தும் விளையாடக்கூடிய நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் விளையாடி முடித்தேன். முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. காலையில் சோமனூரில் ரயில் ஏறி ஈரோட்டில் இறங்கி, மாலையில் அதே வழியில் திரும்பும் பிழைப்பு என்னுடையது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி மற்றவர்களுக்குச் சொந்தம் என்பதால், என் விளையாட்டு ஏறக்குறைய முழுவதும் அந்த ரயில் பெட்டியிலேயே நடந்தது. ஆகவே இந்த மதிப்பீட்டைக் கையில் வைத்து விளையாடியவனுடைய மதிப்பீடாகவே வாசிக்க வேண்டும். பெரிய திரையில் இணைத்து விளையாடியது மொத்தம் மூன்று மாலைகள்தான்.

பழைய கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பதிப்பின் மேல் எனக்குள்ள பரிவுக்குக் காரணம் அதுதான். 2004-இல் ஈரோட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, பன்னீர்செல்வம் பூங்காவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடிப்படிக்கு அடியில், நான்கு தொலைக்காட்சிப் பெட்டிகளும் நான்கு பிளேஸ்டேஷன் 2 கருவிகளும் வைத்து மணிக்கு இருபது ரூபாய்க்கு ஒருவர் விளையாட்டு மையம் நடத்தி வந்தார். அங்கேதான் இந்த விளையாட்டை முதன்முதலில் தொடங்கினேன். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் மேல் மழையில் ஒருவன் நடந்து வருகிறான், புகை பிடிக்கிறான், பாலத்திலிருந்து கயிறு கட்டிக் குதிக்கிறான், கீழே போகும் எண்ணெய்க் கப்பலில் இறங்குகிறான். அதன் பிறகு ரேடியோவில் நீண்ட பேச்சு. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, கடைக்காரர் கடிகாரத்தைக் காட்டி, “ஏனுங் தம்பி, படம் பாக்கறதுக்கா காசு குடுத்தீங்க?” என்று கேட்டார். கொடுத்த இருபது ரூபாயில் கப்பலின் மேல்தளத்தில் பாதியைக் கூடத் தாண்டவில்லை. மெமரி கார்டு கடைக்குச் சொந்தமானது என்பதால், அடுத்த வாரம் போனபோது நான் சேவ் செய்து வைத்திருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய கிரிக்கெட் தொடர் உட்கார்ந்திருந்தது. இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் முறைக்குக் காசில்லை.

மணிக்கணக்கில் வாடகை கொடுத்து விளையாட எழுதப்பட்ட விளையாட்டு இது அன்று. நிறுத்தி, நின்று, கவனித்து, தவறு செய்து, திரும்ப வந்து பார்க்கிறவனுக்குத்தான் இது தன் பெட்டியைத் திறக்கிறது. கப்பலின் மதுக்கூடத்தில் இருக்கும் பனிக்கட்டி வாளியைச் சுட்டால் கட்டிகள் தரையில் சிதறும். அங்கேயே உட்கார்ந்திருந்தால் அவை மெல்ல உருகிச் சிறுத்துப் போவதைப் பார்க்கலாம். அலமாரியில் அடுக்கிய புட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக உடையும். மழையில் நனைந்த கதாநாயகன் சளி பிடித்துத் தும்முவான், அந்தத் தும்மல் காவலாளியின் காதில் விழும். அதற்கென்று சளி மருந்து ஒரு பொருளாகக் கிடக்கிறது. 2001 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளிவந்த ஒரு விளையாட்டில் இத்தனை வேலைப்பாடு என்பது இன்றைக்கும் கொஞ்சம் கிறுக்குத்தனமாகவே படுகிறது. இதன் இயக்குநர் ஹிடியோ கோஜிமாவின் குழுவினர் இவற்றில் பாதியைப் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பார்க்கவே மாட்டார்கள் என்று தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும்.

பதுங்கல் விளையாட்டு என்ற முறையில் இதன் உயிர் காவலாளிகளிடம் இருக்கிறது. அவர்களில் ஒருவனை மயக்க ஊசித் துப்பாக்கியால் சாய்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விட முடியாது. சற்று நேரத்தில் தலைமையகத்திலிருந்து அவனுடைய ரேடியோவில் நிலவரம் கேட்டு அழைப்பு வரும். பதில் வராவிட்டால் தேடுவதற்கு ஆள் அனுப்புவார்கள். உடலை இழுத்துப் போய் அலமாரிக்குள் அடைத்தாலும் அந்த அழைப்புக்கு யார் பதில் சொல்வது? ஆகவே சில சமயம் ஆளை விட்டுவிட்டு, அவன் இடுப்பில் இருக்கும் ரேடியோவை மட்டும் குறிபார்த்து உடைப்பதே நல்ல வழி. அப்படிச் செய்துவிட்டால் நம்மைப் பார்த்தாலும் அவனால் உடனே உதவிக்கு ஆள் கூப்பிட முடியாது. பின்னால் போய்த் துப்பாக்கியை நீட்டினால் கையைத் தூக்கி நிற்பான். முன்னால் வந்து முகத்துக்கு நேரே குறிவைத்தால் உடலை உதறி, கழுத்தில் மாட்டியிருக்கும் அடையாளத் தகட்டைக் கீழே போடுவான். சிலர் அசையவே மாட்டார்கள், ‘சுட மாட்டாய்’ என்ற தைரியத்தில் நிற்பார்கள். அவர்களுக்குக் கையிலோ காலிலோ ஒரு குண்டு செலவிட வேண்டும். இந்தத் தகடுகளைச் சேகரிக்கும் பித்து பிடித்துவிட்டால் கதை பின்னுக்குப் போய்விடும். எனக்குப் பிடித்தது.

இப்போது பதிப்பின் குறைக்கு வருகிறேன். பிளேஸ்டேஷன் 2-இல் நொடிக்கு 60 பிரேமில், அதாவது நொடிக்கு அறுபது படங்களாக, ஓடிய இந்த விளையாட்டு, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்விட்சில் 30 பிரேமில் ஓடுகிறது. அதே தொகுப்பு பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளிலும் கணினியிலும் 60 பிரேமில் ஓடுகிறது என்பதால் இதைப் பழைய விளையாட்டின் இயல்பு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இதற்கு அடிப்படையாக இருப்பது புளூபாயின்ட் கேம்ஸ் 2011-இல் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் செய்து கொடுத்த எச்டி பதிப்பு. அது அந்தக் கருவிகளில் 60 பிரேமைத் தொட்ட பதிப்பு. அதைவிடப் பிந்திய கருவி ஒன்றில் பாதியாகக் குறைந்திருப்பது, புதுத் தறியில் பழைய தறியைவிடக் குறைவாக நெசவு இறங்குவது போல இருக்கிறது. முதலாளி யாராக இருந்தாலும் கேள்வி கேட்பார்.

எண்ணாகச் சொன்னால் இதன் வலி புரியாது. கோயம்புத்தூரில் பீளமேட்டில் இருக்கும் அக்கா வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் அங்கே இந்த விளையாட்டின் முதல் அரை மணியை விளையாடினான். பிறகு என் ஸ்விட்சை வாங்கி அதே மேல்தளத்தில் நாலு எட்டு வைத்தவன், “மாமா, உங்க மிசின்ல இவரு சேத்து வயல்ல நடக்கற மாதிரி நடக்கறாருங்க” என்றான். பதினான்கு வயதுக்காரனின் உவமைதான், ஆனால் சரியான உவமை. மழைத்துளிகள் 60 பிரேமில் சரம் சரமாக விழுகின்றன. 30 பிரேமில் அவை கோடு கிழிப்பது போல விட்டு விட்டு விழுகின்றன. அது கண்ணுக்கான குறை. கைக்கான குறை வேறு: கதாநாயகனின் கண் வழியாகப் பார்க்கும் நிலைக்கு மாறி, நடந்துகொண்டே இருக்கும் காவலாளியின் இடுப்பு ரேடியோவைக் குறிவைக்கும்போது, குறி தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அக்கா வீட்டில் முதல் குண்டில் உடைத்ததை ரயிலில் இரண்டாவது, மூன்றாவது குண்டில்தான் உடைத்தேன். ரயிலின் ஆட்டத்தை இதில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முழுவதையும் கழித்துவிட முடியாது. இரண்டு வாரத்தில் கண் பழகிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கண் எதற்கும் பழகும்.

இன்னொரு குறைக்குக் கொனாமியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலரின் பொத்தான்களுக்கு அழுத்தத்தின் அளவு தெரியும். இந்த விளையாட்டு அதை உயிர்நாடியாகக் கொண்டே எழுதப்பட்டது. சதுரப் பொத்தானை அழுத்தினால் கைத்துப்பாக்கி உயரும். சட்டென்று விரலை எடுத்தால் சுடும். மெல்ல, வெண்ணெயிலிருந்து விரலை எடுப்பது போல எடுத்தால் சுடாமல் தாழும். ஒருவனை மிரட்டி நிறுத்திவிட்டு, அவன் கையைத் தூக்கிய பிறகு துப்பாக்கியை மெதுவாகத் தாழ்த்துகிற அந்த ஒரு நொடி முழுக்க முழுக்க நம் விரல் நுனியில் இருந்தது. ஈரோட்டுச் சந்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். ஸ்விட்சின் பொத்தான்களுக்கு அழுத்தம் தெரியாது, இருக்கிறது அல்லது இல்லை என்பது மட்டுமே தெரியும். சுடாமல் தாழ்த்துவதற்கு இன்னொரு பொத்தானையும் சேர்த்து அழுத்தும் மாற்று வழி வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கிறது. ஆனாலும் முதல் வாரத்தில் கையைத் தூக்கி நின்ற நான்கு பேரை நான் வேண்டாமலேயே சுட்டுவிட்டேன். அவர்களில் ஒருவன் விழுந்த சத்தத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஸ்விட்சின் இருபுறமும் மாட்டியிருக்கும் ஜாய்-கான் கன்ட்ரோலர்களின் குச்சிகளும் இரண்டு இடங்களில் சோதிக்கின்றன. எண்ணெய்த் தடுப்பு மிதவைகளின் மேல் எம்மா என்னும் பெண் நடந்து போக, தொலைவில் படுத்துக்கொண்டு நீள்துப்பாக்கியால் அவளுக்குக் காவல் காக்கும் கட்டம் ஒன்று. அந்தச் சிறிய குச்சியின் அசைவு தூரம் மிகக் குறைவு என்பதால் குறி தத்தளிக்கிறது. கை நடுக்கத்தை நிறுத்தும் பென்டாசெமின் மாத்திரைகள் என்னிடம் இருந்த அத்தனையும் அங்கேயே தீர்ந்தன. மற்றொன்று, கப்பல் பகுதிக்குப் பிறகு கதாநாயகனாகும் ரெய்டன் கைக்குக் கடைசிப் பகுதியில் வாள் வரும் இடம். வலது குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் வாள் வீசும் என்பது அருமையான யோசனை, ஆனால் கையில் பிடித்து விளையாடும்போது ஜாய்-கானின் வலது குச்சி பொத்தான்களுக்குக் கீழே ஒடுங்கி இருப்பதால் கட்டைவிரல் மடங்கி வலிக்கிறது. இந்த இரண்டு கட்டங்களுக்காகவாவது தனிக் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து விளையாடுவது நல்லது.

இத்தனை குறைகளையும் எழுதிவிட்டு, ஏழு வாரமும் ஏன் விடாமல் விளையாடினேன் என்பதற்கு ஒரே பதில்தான்: ஸ்விட்சின் மேல்விளிம்பில் இருக்கும் அந்தச் சின்ன மின் பொத்தான். அதை ஒரு முறை தட்டினால் விளையாட்டு இருந்த இடத்தில் உறங்கிவிடுகிறது. மறுபடி தட்டினால் அதே இடத்தில் கண் விழிக்கிறது. கட்சீன் என்னும் கதைக்காட்சிக்கு நடுவில், ரேடியோ பேச்சுக்கு நடுவில், காவலாளி திரும்பிப் பார்க்கப்போகும் அரை நொடிக்கு நடுவில், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்த விளையாட்டின் பேச்சுகள் எவ்வளவு நீளம் என்பதை நான் நிமிடத்தில் அளக்கவில்லை, நிலையங்களில் அளந்தேன். ஈரோட்டில் வண்டி நகர்ந்தபோது தொடங்கிய ஒரு ரேடியோ உரையாடல் விஜயமங்கலம் தாண்டி ஊத்துக்குளிக்கு முன்னால்தான் ஓய்ந்தது. திருப்பூரில் கூட்டம் ஏறி முழங்கை மடக்க இடமில்லாமல் போகும்போது தட்டித் தூங்க வைத்துவிட்டு, வஞ்சிபாளையத்தில் மூச்சு விட இடம் கிடைத்ததும் எழுப்புவேன். கடிகாரத்தைக் காட்ட யாருமில்லை. சேவ் செய்த இடத்தில் வேறொருவர் உட்காரவும் இல்லை.

கையில் வைத்துப் பார்க்கும்போது படமும் குறை சொல்லும்படி இல்லை. ஸ்விட்சின் சொந்தத் திரையே 720 வரிகள் கொண்டது, விளையாட்டும் அந்த அளவில்தான் ஓடுகிறது என்பதால் ரெய்டனின் வெளுத்த முடியும் ரேடியோத் திரையின் பச்சை நிற முகங்களும் துல்லியமாகவே தெரிகின்றன. அதையே வீட்டின் பெரிய தொலைக்காட்சியில் இணைத்தபோது கண்ணாடியைத் துடைக்காமல் போட்டுக்கொண்டது போல ஒரு மங்கல். நான் மூன்று மாலைகளோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுவும் காரணம்.

ஒலிக்கு இயர்போன் கட்டாயம். எங்கள் தெருவில் இரு பக்கமும் விசைத்தறி ஓடுவதால் வீட்டில் கருவியின் சொந்த ஒலிபெருக்கியில் எதுவும் கேட்காது. இந்த விளையாட்டிலோ கேட்பது பாதிப் பிழைப்பு. இரும்புத் தகட்டில் நடந்தால் ஒரு சத்தம், தண்ணீரில் நடந்தால் வேறு சத்தம். சுவரைத் தட்டி ஆளை வரவழைப்பது அடிப்படை வித்தை. ஹாரி கிரெக்சன்-வில்லியம்ஸ், நோரிஹிகோ ஹிபினோ ஆகியோரின் இசை, நாம் மாட்டிக்கொண்டால் பாய்வதும், தேடல் தொடங்கினால் பதுங்குவதும், ஆபத்து தீர்ந்ததும் தணிவதுமாகக் கூடவே நடந்து வரும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாளில், தறிகள் அத்தனையும் ஓய்ந்த பகலில், இயர்போனைக் கழற்றிவிட்டு விளையாடிப் பார்த்தேன். கடற்பறவைகளின் கத்தல்கூட அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டது. பறவை என்றதும் நினைவுக்கு வருகிறது: வெளித்தளத்தில் கிடக்கும் அவற்றின் எச்சத்தை மிதித்தால் ரெய்டன் வழுக்கி விழுவான். நான் விழுந்தேன்.

கதையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2007-இல் நடக்கும் கப்பல் பகுதி முன்கதை. அதன் பின் 2009 ஏப்ரலில், மன்ஹாட்டனுக்கு அப்பால் கடலில் நிற்கும் பிக் ஷெல் என்னும் கடல் மாசு சுத்திகரிப்பு நிலையத்தில் மீதிக் கதை நடக்கிறது. விளம்பரங்களில் கப்பல் பகுதியின் நாயகனான ஸ்னேக்கை முன்னிறுத்திவிட்டு, பெரும்பகுதி விளையாட்டை ரெய்டன் என்னும் புதியவனிடம் ஒப்படைத்ததற்காக அன்றைய ரசிகர்கள் கொதித்தார்கள். கப்பலையே தாண்டாத எனக்கு அந்தக் கோபம் வாய்க்கவில்லை. ரெய்டனை இப்போதுதான் சந்திக்கிறேன், அவன் எனக்குப் பிடித்தவனாகவே இருக்கிறான். வெளியீட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த தாக்குதலை அடுத்து, ஆர்சனல் கியர் என்னும் மிதக்கும் கோட்டை நகருக்குள் மோதிப் பாயும் காட்சியை நீக்கினார்கள். நீக்கிய தடம் இந்தப் பதிப்பிலும் அப்படியே இருக்கிறது. ஒரு காட்சியில் கோட்டையின் மேல் நிற்கிறவர்கள் அடுத்த காட்சியில் ஃபெடரல் ஹால் கட்டடத்தின் மேல் கிடக்கிறார்கள்.

கடைசி மணி நேரத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற உரையாடல், குப்பைத் தகவல்கள் சலிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும் உலகில் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான உண்மைக்குள் ஒடுங்கிக்கொள்வார்கள் என்று வாதிடும் பகுதி, மாலை ரயிலில் எனக்கு வந்தது. பேசிக்கொண்டிருப்பது எது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். அது பேசி முடிப்பதற்குள் திரையின் மேல் கண்ணும், சட்டைப்பையில் நடுங்கிக்கொண்டே இருந்த கைப்பேசியின் மேல் கருத்துமாக நான் இருந்தேன். சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில், பூண்டைச் சுட்டுத் தின்றால் சர்க்கரை நோய் போய்விடும் என்ற செய்தி பதினோராவது முறையாக வந்திருந்தது.

தொகுப்பில் கூடுதலாகக் கிடைப்பவை குறித்துச் சில வார்த்தைகள். தனித்தனிச் சவால்களாக அமைந்த விஆர் (மெய்நிகர்) பயிற்சிகளும், ஸ்னேக்கை நாயகனாகக் கொண்ட சிறுகதைகளும் உண்டு. பிளேஸ்டேஷன் 2-இன் சப்ஸ்டன்ஸ் என்னும் விரிவாக்கப் பதிப்பில் இருந்த ஸ்கேட்போர்டு ஆட்டம் இல்லை. நான் அதை விளையாடியதுமில்லை, இல்லாதது உறுத்தவுமில்லை. முழுத் திரைக்கதையும், கதைமாந்தர் விவரங்கள் அடங்கிய கையேடும் மின்னூலாகச் சேர்த்திருக்கிறார்கள். நீண்ட பேச்சில் எங்கேயாவது கண் அயர்ந்துவிட்டால் திரைக்கதையில் தேடி வாசித்துக்கொள்ளலாம், நான் இரண்டு முறை அப்படிச் செய்தேன். தொடக்கத்தில், இதில் இக்காலத்துக்கு ஒவ்வாதவையாகத் தோன்றக்கூடிய சித்திரிப்புகள் இருக்கின்றன, வரலாற்றுப் பின்னணியைக் காப்பதற்காக அவற்றை மாற்றாமல் விட்டிருக்கிறோம் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. மாற்றாமல் விட்டது சரியே. கதைக்குள் பயன்படுத்திய வரலாற்று ஆவணப் படக்காட்சிகளின் உரிமச் சிக்கலால் பழைய எச்டி பதிப்பை 2021 நவம்பரில் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டாண்டு காலம் முறையாகக் காசு கொடுத்துத் தரவிறக்க வழியின்றிக் கிடந்த விளையாட்டு இது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அமெரிக்கக் கணக்கில் இந்த ஒரு பாகத்தின் விலை 19.99 டாலர், முழுத் தொகுதி 59.99 டாலர். ஸ்விட்ச் இங்கே இறக்குமதிக் கடைகள் வழியாகவே கிடைப்பதால், கருவியை வாங்கும்போது உத்தரவாதம் யார் தருகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கிய கடையில் வாயால் சொன்ன ஓராண்டு, இடது குச்சி தானாக நகரத் தொடங்கியபோது ஆறு மாதமாகச் சுருங்கியது. வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருப்பவர்கள், குறிப்பாக இந்த விளையாட்டை முதன்முறை தொடுகிறவர்கள், அதிலேயே வாங்க வேண்டும்; 60 பிரேமில் பார்த்திராதவர்கள் இதை முழுதாகப் பார்த்தவர்கள் ஆக மாட்டார்கள். என்னைப் போல நாளுக்கு மூன்று மணி நேரம் இருப்புப்பாதையில் கழிக்கிறவர்களுக்கு ஸ்விட்ச் பதிப்பைத் தயக்கமின்றிச் சொல்வேன். நான் இப்போது கடினமான நிலையில் இரண்டாம் சுற்று தொடங்கியிருக்கிறேன். நேற்று கப்பலின் சரக்கறையில், தளபதியின் உரை முடிவதற்குள் நான்கு படங்களையும் எடுக்க வேண்டிய இடத்தில், மூன்றாவது படத்தோடு சோமனூர் வந்துவிட்டது.